கைப்பிடியில் அழிந்த பெயர்

வற்றம் முற்றிய மனுக்காவ் கழி தன் சேற்று மேனியைச் சாம்பல் நிற வானுக்குக் காட்டிக் கிடக்க, கரையோரத்துக் கண்டல்மரங்கள் கணுக்கால் நனைய நின்று காற்றுக்குத் தலையசைக்க, இரவெல்லாம் பெய்த மழை தகரக் கூரைகளின் விளிம்பில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, ஆக்லாந்து மாநகரின் தென்பால் அமைந்த பழைய துறைமுகப் பட்டினமாகிய ஒனிஹங்காவில் ஞாயிற்றுக்கிழமை சோம்பலோடு புலர்ந்தது. பட்டறைகள் கதவடைத்திருந்தன, வெதுப்பகம் ஒன்றிலிருந்து மட்டும் சூடான மணம் எழுந்து, ஆளில்லாத் தெருவில் யாரையோ தேடுவதுபோல் அலைந்தது. அந்த அமைதிக்குள், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டிலில், உப்புத்தாள் மரத்தை உராயும் ஓசை, எலி கொறிப்பதுபோல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அறிவுடையீர், இக்கதை அந்த ஓசையைப் பற்றியது. இனிக்கும் கதையன்று, முன்னரே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் குறை சொல்லாதீர்.

கொட்டிலில் இருந்தவர் குலசிங்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, போரில் வீடிழந்து, இந்நாட்டிற்கு வந்து, கை ஓயும் அகவைவரை கிடங்குகளில் சுமை தூக்கியவர். ஓய்ந்த பின்னர்ப் பழைய கைவாள்களை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர். கைவாள் என்றது போர்வாளையன்று. மின்பொறிகள் வருமுன் தச்சர்கள் மரமறுத்த பல்வாளை. இறந்தார் வீடுகளிலும் ஞாயிற்றுச் சந்தைகளிலும் துருவேறிக் கிடப்பவற்றை வாங்கி வந்து, துருவைக் களைந்து, பல்லை அரத்தால் தீட்டி, பித்தளைக் குமிழ்களைப் பொன்போல் விளக்கி, பழம்பொருள் விரும்புவோர்க்கு விற்பார். கைத்திறத்தில் அவர்மேல் குறை சொல்ல ஆளில்லை. நெஞ்சிலோ ஐயம் என்னும் துரு அகலாமல் ஊறியிருந்தது. பேரம் பேசுகிறவன் ஏய்ப்பவன். பேசாமல் வாங்குகிறவன் இன்னும் பெரிய ஏய்ப்பவன். இதுவே அவர் கொண்ட கணக்கு.

அந்நாளைத் தச்சர் தம் கைவாள் பிறர் கைவாளோடு மாறிப்போகாதிருக்க, கைப்பிடியில் தம் பெயரை எழுத்தெழுத்தாக அச்சுளியால் அடித்துப் பதிப்பது வழக்கம். குலசிங்கம் எவ்வாளை வாங்கினாலும் முதலில் அப்பெயரையே தேய்த்து அழிப்பார். அன்று அழித்துக்கொண்டிருந்ததும் அத்தகைய பெயர் ஒன்று. சற்றே சரிந்த எழுத்துகளில் ‘டெஸ்மண்ட்’ என்றிருந்தது.

தேநீர் கொண்டுவந்த மனைவி ரதிதேவி எட்டிப் பார்த்து, யாருடைய பெயரென்று கேட்டார்.

“ஆற்றை பேரப்பா அது?”

“ஆற்றையோ. பேர் கிடந்தால் நாளைக்கு ஒருத்தன் வந்து, இது என்ர அப்பற்றை வாள், களவாய் வந்தது எண்டு நிப்பான். பேர் இல்லையெண்டால் கதையும் இல்லை.”

“செத்த சனத்திலயும் உங்களுக்குச் சந்தேகம்.”

“செத்தவன் வரமாட்டான். அவன்ர சொந்தக்காரன்தான் வருவான்.”

வந்தான் ஒருவன்; ஆனால் சொந்தக்காரன் அல்லன். பிற்பகல் வெயில் மழையீரத்தில் மின்னிய வேளையில், அம்மாநகரின் மற்றொரு பகுதியான மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து விக்னேஷ் என்னும் தமிழ்நாட்டு இளைஞன், கையில் ஒரு பையோடு கொட்டில் வாயிலில் நின்றான்.

“அங்கிள், நீங்கதானே பழைய ரம்பமெல்லாம் வாங்கி விக்கிறீங்க? எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரோடது ஒண்ணு தேடுறேன். இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில இருந்தாரு. திரும்பி வரமாட்டாருன்னு நெனச்சு அவங்க அக்கா பையன் ஷெட்டையே காலி பண்ணி வித்துட்டான். இப்ப மனுசன் வீட்டுக்கு வந்துட்டாரு. வேற எதையும் கேக்கல, அந்த ஒரு ரம்பத்தைத்தான் கேக்குறாரு. அவங்க அப்பா வாங்கிக் கொடுத்தது. புடியில டெஸ்மண்ட்னு பேர் அடிச்சிருக்கும்.”

உப்புத்தாள் இன்னும் குலசிங்கத்தின் கையில் இருந்தது. அப்பெயரின் தூளோ அவர் விரலிடுக்கில் மஞ்சள்போல் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்காக எவன் ஞாயிற்றுக்கிழமையில் அலைவான் என்று ஐயம் தலைதூக்க, ஆம் என்றால் களவுப்பொருள் என்பானோ, காவலரை அழைப்பானோ என்று அச்சம் அதற்குத் துணைசெய்ய, வாளின்மேல் கந்தைத்துணியை மெல்ல இழுத்து மூடியவராய், “பேர் அடிச்ச வாள் ஒண்டும் என்னட்டை வரேல்லைத் தம்பி” என்றார்.

“சரிங்க அங்கிள், சிரமம் கொடுத்துட்டேன். இது அவரு மரத்துப் பழம். யாருகிட்டப் போய் விசாரிச்சாலும் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு கொடுத்தனுப்புறாரு” என்று விக்னேஷ் பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் தொலைபேசி எண்ணும் சொல்லிச் சென்றான். பச்சைத் தோலுடைய பீஜோவாப் பழங்கள், மணம் கமழக் கமழ அம்மேசைமேல் கிடந்தன.

வாயிற்படியில் நின்று கேட்டிருந்த ரதிதேவி ஒன்றே சொன்னார்: “ஒருத்தனையும் நம்பேலாது எண்டு நெடுகச் சொல்லுவியள். அந்தப் பிள்ளை உங்களை நம்பிப்போட்டுப் போகுது.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. பழத்தை அவர் தொடவில்லை. இரவுணவிலும் சுவையில்லை. மறுநாட் காலை, வாளைத் தூய துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, விக்னேஷைத் தொலைபேசியில் அழைத்து வழி கேட்டு, மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு வண்டியோட்டினார். விலை வேண்டாம், கொடுத்துவிட்டு வந்தால் நெஞ்சில் ஏறியது இறங்கிவிடும் என்பது அவர் எண்ணம்.

வெள்ளைச் சாயம் உரிந்த பழைய மரவீட்டின் முன்தாழ்வாரத்தில், நடைச்சட்டத்தைப் பக்கத்தே நிறுத்தி அமர்ந்திருந்தார் டெஸ்மண்ட். கண்கள் பால்படர்ந்து ஒளி மங்கியிருந்தன. விக்னேஷ் அருகில் நின்றான். வாளைக் கையில் வாங்கிய முதியவர், அலகை வில்போல் வளைத்து விட்டார். விரல் மடக்கித் தட்டினார். எஃகு தேன்வண்டுபோல் நெடிது முரன்றது. அவ்வோசை கேட்டு அவர் முகம், மூடிவைத்த விளக்கைத் திறந்ததுபோல் மலர்ந்தது. பின்னர் அவருடைய பெருவிரல், நெடுநாட் பழகிய வழியே நடப்பதுபோல், கைப்பிடியின் பக்கவாட்டில் ஓர் இடத்தை நாடிச் சென்றது, சென்று நின்றது. மீண்டும் தடவியது. அங்கே பளிங்குபோன்ற வழவழப்பன்றி வேறொன்றும் இல்லை. மலர்ந்த முகம் மெல்லக் கூம்பிற்று.

ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவே: “நல்ல வாள், ஐயா. ஆனால் என்னுடையது அன்று.”

“உங்களுடையதுதான்” என்றார் குலசிங்கம், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி. “பெயர் இருந்தது. நான்தான் தேய்த்தேன். என் கையாலேயே தேய்த்தேன்.”

டெஸ்மண்ட் சிரித்தார், அச்சிரிப்பில் எள்ளல் சிறிதும் இல்லை. “ஒரு தச்சனின் பெயரை எவன் ஐயா தேய்ப்பான்? பெயருள்ள வாள் உம்மிடம் வரவில்லை என்று நேற்று நேர்மையாகச் சொல்லியனுப்பினீர். இன்று இக்கிழவனின் மனத்தை ஆற்றுவதற்காக இவ்வளவு தொலைவு வந்து ஒரு பொய்யும் சொல்கிறீர். நல்ல மனிதர் நீர்.”

அவ்வளவில், வாளை மீண்டும் துணியில் சுற்றிக் குலசிங்கத்தின் கையிலேயே வைத்து, இன்னொரு பை பழமும் கொடுத்தார். எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. தம் பொய் மெய்யாக நின்று, தம் மெய் பொய்யாக வீழ்ந்ததைக் கண்ட குலசிங்கம், வாளும் பையுமாகத் திரும்பி நடந்தார்.

வண்டிவரை உடன்வந்த விக்னேஷ், அவர் ஏறியமர்ந்ததும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: “அவர்தான் நம்பல. நான் நம்புறேன் அங்கிள். நீங்கதான் தேய்ச்சிருக்கீங்க.”

பிறகு அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஒனிஹங்கா வரும்வரை வழியெல்லாம் பழத்தின் மணம் வண்டிக்குள் நிறைந்து மூச்சை அடைத்தது. சாளரத்தைத் திறக்கவும் அவருக்குக் கை எழவில்லை.

அவ்வாள் இன்றும் அக்கொட்டிலின் சுவரில் தொங்குகிறது. வாங்க வருவோர் அதன் பொலிவைக் கண்டு விலை கேட்பதுண்டு. “அது விக்கிறதுக்கில்லை, ஒருத்தற்றை” என்பார் குலசிங்கம். ஒருத்தரென்றால் யாருடையது என்று அவர்கள் கேட்கும்போது, அவர் பெருவிரல் தானே போய் அந்த வழவழப்பான இடத்தில் நிற்கும். காட்டுவதற்கு அங்கே பெயர் இராது.