வலி இல்ல சார்

…விரலை மடக்குங்க என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், நசுங்கிய வலது கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக் காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான் பாவி, டீ டம்ளர் பிடிக்க முடியாத கை, காலையில் இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்தவள் ஹேமலதா, கட்டின பெண்டாட்டி, பக்கத்திலேயே நிற்கிறாள், வலிக்குதா என்று கேட்கிறார் டாக்டர், "வலி இல்ல சார். ஃபிட் சார்." ஃபிட்டாம். யாருக்கு ஃபிட்? இப்போது ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான், பரணிதரன், எக்ஸ் மிலிட்டரி, சட்டை மடிப்புகூடக் கலையவில்லை, வழியில் பள்ளிகொண்டாவில் இவனைத் தனியாக இறக்கிவிட்டுப் போனால் என்ன?

இந்த ஒரு நாளுக்காக அவள் நடந்த நடை… ஈ.எஸ்.ஐ. ஆபீசில் அந்தக் கண்ணாடிக்காரன், நீங்கதான் மிலிட்டரி பென்ஷன் வாங்கறீங்களே, காலுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு, அடுத்து தலைக்காம்மா என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. "முட்டி பார்டர்ல போச்சு, அதுக்கு மிலிட்டரி குடுக்குது. கை தோல் டேனரி மெஷின்ல போச்சு, மாசாமாசம் சம்பளத்துல புடிச்சீங்களே, அதுக்கு நீங்க குடுங்க. ரெண்டும் ஒரே ஆள் ஒடம்புல இருந்தா நான் இன்னா பண்ணட்டும்?" அது வேறு இது வேறு, இரண்டும் சேர்ந்தே வரும் என்று மேலதிகாரி வாயாலேயே சொல்ல வைத்தாள், மிச்சம் இந்த மெடிக்கல் போர்டு ஒன்றுதான், ஊனம் எவ்வளவு என்று இவர்கள் எழுதுகிற அளவுக்குத்தான் ஆயுசுக்கும் பணம். அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்தரி பேகம்கூடச் சொல்லி அனுப்பினாள், "ஒன் வூட்டுக்காரர கொஞ்சம் மொனகச் சொல்லுடி, காசா பணமா." முனகல்! நெஞ்சை நிமிர்த்தி அல்லவா நின்றான்.

வெளியே வந்ததும் கேட்டாள், ஏன்யா அப்படிச் சொன்ன? பழக்கம் என்றான். பட்டாளத்தில் வருஷா வருஷம் டாக்டர் பார்ப்பாராம், வலிக்கிறது என்று வாயைத் திறந்தவனுக்கு உடல்தகுதி கேட்டகிரி இறங்கிவிடுமாம், புரொமோஷன் போச்சு, மூட்டையைக் கட்டு, அதனால் முட்டி வீங்கிக் கிடந்தபோதும் வலி இல்ல சார் என்றே ஓட்டினானாம், பரேடில் விழுந்த அன்றுதான் அவர்களுக்கே தெரிந்ததாம். பெருமை வேறு. யாரை ஏமாற்றினாய், பட்டாளத்தையா, டாக்டரையா, என்னையா… என்னையா? கை நசுங்கிய அன்று போனில் லேசான அடி என்றான், அவள் ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், கட்டுப் பிரித்த அன்று வலிக்குதா என்றாள், இல்லை என்றான், அப்புறமும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் இல்லை, அவளும் நம்பிக்கொண்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவன் இடது கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது, முகம் அசையவில்லை. கேட்கலாமா? கேட்டால் வருகிற பதில் தெரியும். அப்படியானால் இத்தனை வருஷமும் அவளும் இவன் எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்த இன்னொரு மெடிக்கல் போர்டுதானா, இவனை எதிலிருந்து இறக்கிவிடுவாள் என்று பயந்தான்…