மாமா குரல் - நகல்

மாமனாரின் குரல்வளையை எடுத்துவிடவேண்டும் என்று முடிவானபோது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு யோசனை சொன்னார். தொண்டை இருக்கும்போதே சில நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துகொண்டால், பின்னால் அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசும். மாமனார் பஸ் ஓட்டியவர். ஹாரன் தேவைப்படாத தொண்டை. மகளின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தார். முதல் பாதி ஆஸ்பத்திரி கொடுத்த வாக்கியங்கள். மறுபாதி வீட்டில் அவர் வழக்கமாகப் பேசுகிற பேச்சு.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர், கையில் ஒரு சிறு வெள்ளைப் பலகையோடு நடமாடினார். பதிவுகளை மறுநாள் ஆஸ்பத்திரியில் கொடுக்கவேண்டும். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகனுக்கு அன்று விடுமுறை. பென் டிரைவில் ஏற்றிவைக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டர் நகர மறுத்தது. இடமில்லை, இடமில்லை என்று ஒரே புலம்பல். உள்ளே பார்த்தால் எல்லாம் இரட்டை. கல்யாணப் படங்கள் இரண்டு இடத்தில், வீட்டு வரைபடம் இரண்டு இடத்தில். ஜோடிக்கு ஒன்றாக அழித்துக்கொண்டே வந்தான். கை சூடு பிடித்துவிட்டது. ‘மாமா குரல்’, ‘மாமா குரல் - நகல்’ என்று இரண்டு ஃபோல்டர்கள். திறந்து மேலே இருந்த பெயர்களைப் பார்த்தான். அச்சு அசல் ஒன்றே. முதலாவதை அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான்.

மிச்சமிருந்த நகலைப் பென் டிரைவுக்கு அனுப்பும்போதுதான் கீழே உருட்டிப் பார்த்தான். பாதியோடு நின்றிருந்தது. மனைவிக்குப் போன் செய்து, நகலில் ஏன் பாதிதான் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். இடம் பத்தாமல் நடுவில் நின்றுபோனது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்றாள்.

“அதான் அசல் இருக்கில்ல?”

காலி செய்த குப்பைத் தொட்டியை அவன் மறுபடி திறந்து பார்த்தான்.

“இருக்கில்ல?”

“அழிச்சிட்டேன்.”

மறுமுனையில் யாரோ தாள்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அழித்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதை இறக்கப் போன நேரத்தில், எதற்கும் கேட்டுவிடுவோம் என்று தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணை அழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் மாறியது.

“எதையும் இறக்காதீங்க சார். அழிச்ச இடத்துமேலயே போய் உக்காந்துக்கும். முறையா ஆஃப் பண்ணக்கூட வேணாம், பிளக்கைப் புடுங்குங்க.”

பிடுங்கினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது மாமனார் பலகையில் ‘ரிப்பேரா?’ என்று எழுதிக் காட்டினார்.

“தூசி மாமா. துடைச்சுட்டு வந்துடறேன்.” சொல்லும்போதே முகம் சுட்டது.

கடையில் அவள் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரோடு பொருத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. அவன் உட்காரவில்லை. கோடு நின்றபோதெல்லாம் அவனுக்கும் மூச்சு நின்றது. கடைசியில் வரிசை வரிசையாக ஏதேதோ வந்தன, ஒன்றுக்கும் பெயரில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்கவேண்டும் என்றாள்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மனைவி இறங்கினாள். பின்னாலேயே மாமனார். அவன் தலை தானாகக் குனிந்தது.

“அவரோட குரல். அவருக்குத் தெரியாம எப்படி?” என்றாள். அதற்குமேல் அவனோடு பேசவில்லை.

கடைக்காரப் பெண் முதல் பதிவைத் தட்டினாள். வெறும் இரைச்சல். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் கடையே அதிர்ந்தது.

“மாப்ளே, தெரியாததுல கை வைக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

கடைக்காரப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருமகன் மெல்ல நிமிர்ந்தான். மாமனாரின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிப் பக்கத்தில் போனான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல்.

சாயங்காலம்வரை உட்கார்ந்து கேட்டார்கள். பெரும்பாலும் திரும்பிவிட்டது. சில நடுவில் அறுந்திருந்தன. அவற்றில் மகளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடும் பதிவும் ஒன்று. “பாப்...” என்று தொடங்கி அங்கேயே நின்றது. கடைக்காரப் பெண் வேறு வேறு வழியில் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

மாமனார் பலகையை எடுத்து, இருக்கிறதை வைத்து மிஷின் கற்றுக்கொள்ளும் என்று எழுதினார். மகள் அதைப் படித்துத் தலையாட்டினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதிச் சொல்லை இன்னொரு முறை போடச் சொன்னாள். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். மருமகன் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.