வீடு மாறி அழுதவள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்கள் இருவர் சிரித்துச் சிரித்துப் பேசியதை ஒட்டுக்கேட்டேன். "வீடு மாறி அழுதுட்டாளாம்டி" என்றதோடு இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சத்துக்கு நான்தான் பொறுப்பு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். "கரிசல் மண்ணில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு —" வேண்டாம். வெயில் இல்லாமல் இந்தப் பக்கத்தில் கதையே கிடையாதா என்பீர்கள். "தனிமை என்பது —" ஐயையே, இது அதைவிட மோசம்.

நேராகப் போவோம். முனீஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பாளையம்பட்டி வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் தெருவில் ஒருத்திகூட அவள் பெயரைக் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை, வீம்பு. கடைசியில் மிக்சியோடு பேச ஆரம்பித்தாள். "கத்தாதடி, இந்தா முடிஞ்சது" என்று.

[மிக்சியா, குக்கரா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். குக்கர் பதில் சொல்லிவிடும். அதனால் மிக்சி.]

3

அருப்புக்கோட்டையில் தூரத்துச் சின்னம்மா தங்கம்மாள் இறந்துவிட்டதாகத் தாக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் எழவு வீட்டுக்குப் போகிற பெண் தெரு முக்கிலேயே அழத் தொடங்கிவிட வேண்டும். தலை நிமிரக் கூடாது. வாசலில் இருக்கிற பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். அப்படிக் குனிந்தபடி போன முனீஸ்வரி, பந்தல் காலைக் கண்டதும் உள்ளே நுழைந்து, கிடைத்தவர்களைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எட்டு மாதத்து அழுகை, லேசில் நிற்குமா?

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் மீசை வைத்த ஒரு பெரியவர்! சுற்றியிருந்தவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது நெசவுக்காரர் பாலையாவின் வீடு. தங்கம்மாள் கிடந்தது அடுத்த தெருவில்.*

* அங்கேயும் போனாள். கண்ணீர் மிச்சமில்லை. "வந்தவ ஒரு சொட்டு விடல பாரேன்" என்று இன்றுவரை பேச்சு.

4

நழுவப் பார்த்தவளின் கையைப் பாலையாவின் மகள் நாகஜோதி விடவில்லை. "எங்கப்பாவுக்காக இம்புட்டு அழுதது நீங்க ஒருத்திதான்க்கா" என்று காபி கொடுத்து, போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தினமும் போன். "சாப்டீகளாக்கா? என்ன கொழம்பு?" முனீஸ்வரி குழம்பைப் பற்றியே அரைமணி நேரம் பேசினாள். அந்தத் தெம்பில் எதிர்வீட்டுக்காரியிடம் வலியப் போய்க் கருவேப்பிலை கேட்டாள். எட்டு மாதத்தில் முதல் கருவேப்பிலை.

இங்கேயே முடித்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பன்னிரண்டாம் நாள் நாகஜோதி போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. எங்கப்பா... உங்களுக்கும் அப்பாவா?"

முனீஸ்வரி ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள்.

"எங்கம்மா அப்பிடித்தான் நெனைக்கிறாக. அப்பா போட்டோவுக்கு நாலு நாளா பூ வைக்கல. எனக்கு ஒண்ணுமில்லக்கா, கூடப்பொறந்தவுக யாருமில்லாம வளந்தவ நான். பதினாறுக்குக் கண்டிப்பா வந்துருங்க."

5

பாருங்கள் சங்கடத்தை. வாயை மூடிக்கொண்டால் முனீஸ்வரிக்கு ஒரு தங்கை கிடைப்பாள். ஒரு பாவமும் அறியாத பாலையா செத்தபிறகு கெட்டபெயர் வாங்குவார். வாயைத் திறந்தால் மறுபடியும் மிக்சிதான்.

முடிவு அ: அவள் போகவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். எழுதினேன். அன்று முழுக்க எனக்கே சோறு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: "நீ வீடு மாறி வந்தது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்று எல்லோரும் சிரித்து — சும்மா இருங்கள். நாலு நாள் புருஷன் படத்துக்குப் பூ வைக்காத அந்த அம்மா, சந்தனம்மாள், அப்படிச் சட்டென்று சிரிக்கிற ஆளா?

6

அவள் போனாள். அதுவரைக்கும் எனக்கு உறுதி. பதினாறாம் நாள் மத்தியானம் பந்தியில் நாகஜோதி அவளுக்கென்று இடம் பிடித்து இலை போட்டாள். முனீஸ்வரி உட்காரவில்லை. நேரே சந்தனம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, அவுக மேல சந்தேகப்படாதீக. அவுக மொகத்தையே நான் அன்னைக்குத்தான் பாத்தேன். வீடு மாறி வந்து அழுதுட்டேன். நான் உங்களுக்கு யாருமே இல்ல."

சந்தனம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷன் போட்டோவைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

என்ன சொன்னாள்?

நான் எழுத மாட்டேன். எனக்கு வருவதெல்லாம் கதை எழுதுகிறவன் பேச்சு. யாருமே இல்லாத ஒருத்தி, உண்மையைச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டு வாசலில் நின்றால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதைச் சந்தனம்மாள் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இலையில் சோறு வைத்துவிட்டார்கள், ஆறிக்கொண்டிருக்கிறது.