மிச்சமிருக்கிற கை

கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் வீரமுத்து வீட்டில் எனக்கு இடப்பட்ட முதல் விதி. கதவை ஒரு சாண் திறந்து வைக்க அவர் சம்மதித்ததே பெரிய சலுகை. உள்ளே இடது கையால் ரப்பர் குழாயை இழுக்கும் சத்தம் கேட்கும், தண்ணீர் பீய்ச்சும், பிறகு அவர் பிடித்து எழுவதற்காகச் சுவரில் பதித்த கம்பி ஒரு முறை முனகும். அந்த முனகலுக்கும் அவர் "ம்" என்று குரல் கொடுப்பதற்கும் இடையில் நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். வழக்கமாக நாற்பதுக்குள் வந்துவிடும். ஒரு நாள் எழுபது வரை போனது. பொறுக்காமல் திரும்பிப் பார்த்தால், மனிதர் பாதி சரிந்து தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். தூக்கி நேராக உட்கார வைத்தேன். நன்றியும் இல்லை, வலிக்கிறது என்ற பேச்சும் இல்லை. "திரும்பி நில்லுங்க பாய்" என்றார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. பாசிர் கூடாங் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடம் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் படுத்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோபத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனைவி பிரேமலா பாலம் தாண்டி சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவர். விடியுமுன்பே பஸ் ஏறி, பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார். அதில் பாதி நேரம் என் பொறுப்பு.

என் பெயர் அய்யூப். மூவாரில் என் மாமனாரின் சாப்பாட்டுக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன். மாமனார் படுத்த பிறகு அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டேன். அவர் போனார், கடையும் போனது, அந்தக் கைப்பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. முறையாகப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாக இதையே வேலையாகச் செய்கிறேன். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. கீழ்த்தளத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் மணியம் பெரியவரைச் சுத்தம் செய்துவிட்டு, எட்டரைக்கு லிப்ட் ஏறி ஐந்தாவது மாடிக்கு வீரமுத்துவிடம் வருவேன். எனக்கு ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று தோண்டாமல் தூக்கம் வராது. போலீஸில் சேர வேண்டிய ஆள் வழி தவறி வந்துவிட்டதாக என் மனைவி மைமூன் சொல்வாள்.

நாலு மாதமாக நான் தோண்டிக்கொண்டிருந்தது வீரமுத்துவின் இடது கையை. அதைப் போலக் கெட்டிக்காரக் கையை நான் கண்டதில்லை. கைபேசியில் நான் இரண்டு கையால் தட்டுவதைவிட வேகமாகத் தட்டும். திருப்புளியைப் பிடித்து மேசை விசிறியைக் கழற்றி மாட்டும். 'டாம்' பலகையில் என் காய்களை ஒன்று விடாமல் வெட்டித் தள்ளும். ஆனால் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால் மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மனிதர் வாயைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிசைந்து ஊட்ட வேண்டும். கழுவிக்கொள்ளும் வேலையை என்னிடம் விட மாட்டேன் என்று விழுந்து புரண்டு தானே செய்கிற ஆள், வெறும் இட்லியை எடுத்து வாயில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாரே, இது என்ன கணக்கு?

பிரேமலா அதை வாழ்க்கை வெறுத்துப் போனதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். சிகிச்சை நிலையத்தில் கைப்பயிற்சி கொடுக்கும் ஷஹீரா என்ற பெண், சிந்திவிடும் கூச்சம் என்றாள். பிடி தடித்த கரண்டி கொடுத்தாள், வழுக்காத தட்டு கொடுத்தாள். ஒரு கை மட்டும் உள்ளவர் அந்தக் கையைக் கழுவிக்கொள்வதற்கென்று, கைகழுவும் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும் பிரஷ் ஒன்றும் கொடுத்தாள். உண்மைதானே, ஒரு கை தன்னைத்தானே எப்படித் தேய்த்துக்கொள்ளும்? நான்தான் என் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து சோப்புப் போட்டுவிடுவேன். பிரஷ்ஷை நான் தொட்டியில் ஒட்டி வைத்து இரண்டு மாதமாகியும் அவர் அதைத் தொட்டதில்லை.

இதெல்லாம் வெறும் பிடிவாதமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் பழைய கம்பெனியில், கிடங்கின் கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேலாளர் நல்ல மனிதர், அவருக்காகவே பிடித்து வைத்திருந்தார். ஒரே நிபந்தனை, எட்டு மணி நேரம் யாருடைய உதவியும் இல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். சாப்பாடும் கழிப்பறையும் தன் பொறுப்பு. வருகிற பதினைந்தாம் தேதிக்குள் ஷஹீரா பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. பிரேமலா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சம்பளம் எவ்ளோ வந்தாலும் சரிண்ணே. இந்த வீட்டுக்கு வெளிய அவருக்குன்னு ஒரு நாற்காலி வேணும்" என்றார். சொல்லிவிட்டு உடனே அடுப்பைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

விடை கிடைத்தது ஐந்தாம் தேதி, லிப்ட் வாசலில். சிகிச்சை முடிந்து திரும்பினோம், லிப்ட் பழுது. ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்றவரை எழுப்பி, நாலு கால் தடியை ஊன்ற வைத்து, அவர் இடுப்பில் கட்டிய வாரை என் வலது கையால் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பசி வேறு. கீழே வாங்கிய, உருளைக்கிழங்கு அடைத்த கரிபாப் சட்டைப்பையில் சூடாக இருந்தது. சும்மா இருந்த இடது கையால் எடுத்து அவர் வாயருகே நீட்டினேன். கசப்பு மருந்தைக் கண்ட குழந்தையைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கையில வேணாம் பாய்."

கூனிக் குறுகிப் போனேன். இடது கையால் ஒருவருக்கு எதையும் நீட்டக்கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவன் நான். எங்கள் மார்க்கத்தில் சாப்பாடு வலது கைக்கு என்பது பாலோடு புகட்டியது. அவர்கள் வீட்டிலும் அதேதான். அப்படிப்பட்டவனுக்கு, கண் முன்னால் நாலு மாதமாகக் கிடந்த விஷயம் தெரியவில்லை. கரண்டியையும் தட்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே வந்ததும் நேராகவே கேட்டேன். முதலில் டாம் பலகையை எடுக்கச் சொன்னார். இரண்டு ஆட்டம் ஜெயித்த பிறகு, காய்களை அடுக்கிக்கொண்டே பேசினார். "ஒரு கைதான் இருக்கு பாய். காலையில கழுவுறது அது. அதையே எடுத்து வாயில வைன்னா எப்படி?"

கரண்டி இருக்கிறதே என்றேன்.

"கரண்டியப் பிடிக்கிறது எந்தக் கை?"

அப்படியானால் கழுவும் வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள், கையைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். அது போனால் தன்னிடம் மிச்சம் ஒன்றுமில்லை என்றார். பேசியும் பயனில்லை. கேமரா அறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? இரண்டு வேலையையும் அந்த ஒரே கைதான் செய்தாக வேண்டும். பிரேமலாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஒன்று சிரிப்பாள், இல்லை அழுவாள், இரண்டையும் தாங்கத் தெம்பில்லை என்றார்.

வீட்டில் மைமூனிடம் சொன்னேன். சிரிக்கத்தான் செய்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் அவள். எந்தக் கையால் கழுவினாய், எந்தக் கையால் ஊட்டினாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். கையை இடுப்பில் வைத்து, இல்லாத பிள்ளையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"புள்ள எந்தப் பக்கம் இருந்துச்சோ அந்தக் கை மாட்டிக்கும்ங்க. மிச்சமிருக்கிற கை கழுவும். அப்புறம் சோப்பு போட்டுட்டு அதே கை ஊட்டும். இதெல்லாம் யாரு பார்த்தா?"

மறுநாள் காலை மணியம் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் என் கைகளை முதல் முறையாகப் பார்த்தேன். பெரியவர் நல்ல கனம். ஒருக்களித்துப் படுக்க வைக்க இடது கை அவர் இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறது. அது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. துடைப்பது, கழுவுவது, மறுபடி துடைப்பது எல்லாம் வலது கை. கிளவ்ஸ் போட்ட வலது கை. பன்னிரண்டு வருடமாக, தினமும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள் தர்மத்துக்கு. இங்கே வலது கை செய்வது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கிளவ்ஸைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கையோடு லிப்ட் ஏறி வந்துதான் வீரமுத்துவுக்கு நாலு மாதமாக ஊட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் அவர் முன்னால் சத்தியம் செய்திருப்பேன், இடது கைதான் என்று.

சொல்லலாமா வேண்டாமா என்று லிப்டில் ஐந்து மாடிக்கும் யோசித்தேன். சொன்னால் நுணலும் தன் வாயால் கெட்ட கதையாகிவிடலாம். இனிமேல் என் கையால் ஒரு பருக்கை இறங்காது. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவார், பதினைந்தாம் தேதிக்குள் இருப்பதும் கெட்டுவிடும். சொல்லாவிட்டால், நான் ஊட்டுவேன், அவர் நன்றாகச் சாப்பிடுவார், அந்த நாற்காலி போய்விடும்.

பிரேமலா சமைத்து வைத்துவிட்டுப் போன இட்லியும் சாம்பாரும் மூடியின் கீழ் இருந்தன. முதலில் கழிப்பறை. முதுகைக் காட்டி நின்றேன், முப்பத்தைந்தில் "ம்" வந்தது. வழக்கம்போல அவர் கைக்கு சோப்புப் போட்டுவிட்டு மேசைக்கு அழைத்து வந்தேன். தட்டை வைத்தேன். அவர் வாயைத் திறந்தார். நான் எதிரே உட்கார்ந்து என் வலது கையை மேசைமேல் வைத்தேன்.

"வீரமுத்து, கீழ மணியம் பெரியவர தினமும் இந்தக் கையாலதான் கழுவுறேன். இன்னிக்கும் கழுவிட்டுத்தான் வந்தேன்."

வாய் மெல்ல மூடிக்கொண்டது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலை பஸ் ஒன்று திரும்பி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"எத்தன மணிக்கு?"

"ஏழே காலுக்கு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது.

"நாலு மாசமாவா?"

"மொத நாள்லேருந்து."

அவர் கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. வாந்தி எடுக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன். எடுக்கவில்லை. கெட்ட வார்த்தை ஏதாவது சொன்னால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அதுவும் வரவில்லை.

"கொஞ்சம் வெளிய இருங்க பாய்" என்றார்.

வாசலுக்குப் போனேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். தூரத்தில் துறைமுகத்துப் பக்கம் புகைபோக்கிகள் வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்தன. வேலை போனதென்றே முடிவு கட்டிவிட்டேன். பிரேமலாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினேன். என்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன்.

இருபதில் நாற்காலிச் சக்கரம் நகரும் சத்தம். அது மேசையை விட்டு விலகி, கைகழுவும் தொட்டிப் பக்கம் போனது. நாற்பதில் தண்ணீர் விழுந்தது. அது நிற்கவில்லை. தண்ணீருக்கு நடுவே, அந்த வீட்டில் நான் கேட்டேயிராத ஒரு சத்தம், கரகரவென்று, விட்டு விட்டு. பிரஷ். யாரோ சட்டி தேய்ப்பதைப் போல அவ்வளவு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்துவிடுமோ என்று பயந்தேன். திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தை அடக்கிக்கொண்டு நின்றேன். நூற்றுப் பத்தில் தண்ணீர் நின்றது. சக்கரம் திரும்பி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. எதிர்வீட்டு வானொலியில் யாரோ மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூற்று எண்பதுக்குப் பிறகு எண்ணிக்கை குழம்பிவிட்டது.

எவர்சில்வர் தட்டு மேசையில் லேசாக நகர்ந்து தட்டியது. மறுபடி ஒரு முறை.

"பாய்."

குரல் அடைத்திருந்தது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதைப் போல.

"சாம்பார் எட்டல."

உள்ளே போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைத்தான் பார்த்தேன். ஓர் இட்லியில் கால்வாசி இல்லை. சிவந்து போயிருந்த இடது கை, விரல் நுனியெல்லாம் இட்லித் துணுக்கு ஒட்டி, தட்டின் விளிம்பில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. நான் சாம்பார்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். எந்தக் கையால் நகர்த்துகிறேன் என்று இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.