ஐஸ் பெட்டிக்குள் பாஸ்வேர்டு

கடியப்பட்டணம் டைட்டஸ் தன் பாஸ்வேர்டுகளை வீட்டிலேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருந்தான். தம்பி பிரபின் தன்னுடையவற்றை இணையக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்திருந்தான். "எவனோ ஒருத்தன் கையில வீட்டுச் சாவியா மக்கா?" என்று டைட்டஸ் இளித்தான்.

கம்ப்யூட்டர் சூடாகிறதென்று அந்த மேதாவி அதை வாசலில் கிடந்த மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தான். மீன் பெட்டி தூக்க வந்த சுமட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அயிலை மீன் பெட்டிகளோடு அதையும் கொல்லம் லாரியில் ஏற்றிவிட்டார்.

இருவருக்கும் கிடைத்திருந்த சவூதி வேலைக்கு மெயிலில் சம்மதம் சொல்ல அன்றே கடைசி நாள். பிரபின் போனிலேயே மெயிலைத் திறந்து சொல்லி முடித்தான். மெயில் பாஸ்வேர்டு பெட்டியோடு போய்விட்டதால், டைட்டஸ் லாரிக்காரனைப் போனில் கூப்பிட்டான்.

"களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள வந்தாச்சே அண்ணே!"

டைட்டஸுக்கு வேலை போயிற்று. பக்கத்து வீடாயிற்றே என்று துக்கம் விசாரிக்கப் போனேன்.

"எங்க போனாலும் அது எனக்க சொந்தப் பெட்டியாக்கும்!" என்றான்.

வாஸ்தவம்தான். கொல்லத்து அயிலை எதுவும் அவன் மெயிலைத் திறந்ததாக இதுவரை தகவல் இல்லை.