உள்ளூர் நேரப்படி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு எரிச்சல். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். அவர் கணினித் திரையில் ஒரு வரி வந்து நின்றது: 'உருவாக்கம் முடிந்தது, உள்ளூர் நேரப்படி பிற்பகல் 3:10.' சுவர்க் கடிகாரம் வேறு என்னவோ காட்டியது. "எந்த உள்ளூர்?" என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். மழுப்பினால் நான் விடுகிற ஆளில்லை, உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் இப்படி: 'மனைவியை இழந்த ஒரு மென்பொருள் சோதனையாளன், ஒரு மாலை...'

அங்கேயே நிறுத்தினேன். ஆளைச் சாகடித்து அழவைப்பது எனக்குக் கைவந்த கலை, அதனாலேயே அலுத்தும்விட்டது. அவள் உயிரோடு இருக்கட்டும். வேறொரு நாட்டில், ஒரு மருத்துவமனையில், ஒப்பந்தச் செவிலியாக.

2

சோதனையாளன் இங்கேதான் இருக்கிறான். பலரும் எழுதுகிற நிரல் துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே மென்பொருளாகக் கட்டித் தரும் கருவி ஒன்றை அவன் அலுவலகம் செய்கிறது. கட்டி முடித்ததும், எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் ஊர் நேரத்தை அது சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: நாம் பொழுதை முன்னால் வைத்து 'பிற்பகல் 3:10' என்போம். கருவியோ அதை வாலில் ஒட்டி '3:10 பிற்பகல்' என்றது. கண்டுபிடித்தவன் இவன்தான். அந்தப் பெருமை கொஞ்ச நாள் ஓடியது.)

பிறகு வந்தது வினை. கருவி சொல்லும் நேரம் சரியா என்று பார்க்க அவன் எழுதிய சோதனை நிரல் அவன் கணினியில் மட்டும் தேறியது. மற்ற எல்லோர் கணினியிலும் ஊற்றிக்கொண்டது. குழுத் தலைவி அவன் மேசைக்கே வந்துவிட்டார்.

"எல்லார்கிட்டயும் ஃபெயில் ஆகுது. உன் மெஷின் மட்டும் என்ன, வரம் வாங்கிட்டு வந்துச்சா?"

"பாத்துச் சொல்றேன் மேடம்."

பார்க்க ஒன்றுமில்லை. மனைவி விமானம் ஏறிய நாளிலிருந்து அவன் கணினி அவள் ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது. திரையின் மூலையைப் பார்த்தால் போதும்: இப்போது எழுந்திருப்பாள், இப்போது தலை வாரிக்கொண்டிருப்பாள். சோதனை எழுதும்போதும் அந்த மூலையைப் பார்த்து, அந்த ஊர் நேரத்தையே சரியான விடையாக எழுதிவிட்டான். உள்ளூர் என்றால் அவனுக்கு அதுதான்.

(பிறகு கூட்டங்களுக்கெல்லாம் எப்படிச் சரியாகப் போனான் என்று கேட்காதீர்கள். கூட்டிக் கழிக்க விரல்கள் இருக்கின்றன.)

3

இந்த இடத்தில் எனக்கே இவன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு ஏங்குகிறவன் ஒரு நாளாவது 'வந்துடு' என்று சொல்லியிருக்க வேண்டாமா? 'அவன் இயல்பிலேயே கூச்ச சுபாவம்...' என்று எழுதி அடித்தேன். அது சோம்பேறி வாக்கியம்.

உண்மை இதுதான். அது அவள் ஆசைப்பட்டுப் போன வேலை. கூப்பிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாள், அதுதான் அவன் பயம். அதனால் தினமும் 'சாப்பிட்டியா', 'தூங்கினியா' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான். எதைக் கேட்டாலும், 'உன் இஷ்டம்மா' என்றான்.

4

தலைவி நகர்ந்த சற்று நேரத்தில் போன் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"என்னங்க, பேசலாமா?"

"சொல்லு."

"பஸ்ல போயிட்டிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு ஆஸ்பத்திரில கேக்குறாங்க. உள்ள போனதும் பதில் சொல்லணும்." மூச்சு விட்டாள். "நான் என்ன செய்யட்டும்? இந்தத் தடவையும் 'உன் இஷ்டம்'னு சொல்லிடாதீங்க."

அவனுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. 'நீ இல்லாம முடியல, வந்துடு.' அந்த நேரம் பார்த்துத் தலைவி மறுபடி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கண்டுபுடிச்சிட்டியா?"

இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வான்? எழுந்து மாடிப்படிப் பக்கம் ஓடினான்.

"இரு," என்றான் போனில். கதவைத் தாண்டும்வரை பொறு என்றுதான் சொன்னான்.

மறுமுனையில் அவள் குரல் வந்தது, ரொம்பச் சன்னமாக.

"சரிங்க. இருக்கேன்."

வைத்துவிட்டாள்.

5

முதலில் எழுதிய முடிவில் அவன் உடனே திரும்பக் கூப்பிட்டுவிட்டான். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இரண்டாவதில் மேசைக்குத் திரும்பி, கணினியை இந்த ஊர் நேரத்துக்கு மாற்றி, 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று தலைவிக்கு எழுதினான். அதைக் கிழித்துப் போட்டேன், எனக்கே தாங்கவில்லை. மூன்றாவதில் அவள்...

(முடிக்கவில்லை. 'இரு' என்றால் 'பொறு' என்றும் பொருள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் மற்றதை எடுத்துக்கொண்டாள்? இத்தனை நாள் அவன் 'வா' என்று சொல்லாததாலா, அல்லது அவளுக்கே அதுதான் வேண்டியிருந்ததா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

இப்போது அவன் மாடிப்படியில் நிற்கிறான். போன் கையில். விரல் அவள் பெயர்மேல். நான் சொல்லி அவன் கூப்பிட்டால் அந்த 'வந்துடு' என்னுடையதாகிவிடும், அவனுடையதாக இருக்காது. நீங்களும் யாரிடமாவது இதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள், உங்கள் பேச்சைக் கேட்பான். சீக்கிரம் சொல்லுங்கள். அவள் இறங்கும் நிறுத்தம் வந்துகொண்டிருக்கிறது.