நிலக்கரியா, எண்ணெயா

பூமணி ஈரப்பஞ்சால் கணவரின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது ஜெயரத்தினம் மறுபடியும் கேட்டார்.

"ஹன்னே போன் எடுத்தவளே?"

"இல்லையப்பா. எடுத்தால் உங்களுக்குச் சொல்லமாட்டனே?"

காலையிலிருந்து இதே கேள்விதான். படுக்கையில் விழும்வரை அரசாங்கக் கட்டடங்களின் வெப்பமூட்டும் வேலையைப் பார்த்த எஞ்சினியர் அவர். வடக்கே, துருவத்துக்குக் கிட்ட ஒரு தீவிலுள்ள அரச அலுவலகங்களை இனி வரும் குளிர்காலங்களில் நிலக்கரியால் சூடாக்குவதா, எண்ணெயாலா என்பதுதான் அவர் கடைசியாக ஆராய்ந்தது. முடிவெடுக்கும் கூட்டம் இன்றைக்கு. முடிந்ததும் போனில் சொல்வதாக அவரோடு வேலை செய்யும் ஹன்னே சொல்லியிருந்தாள். போகிற நேரத்தில் மற்றவர்கள் பிள்ளையைக் கேட்பார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள். இந்த மனிதர் கொதிகலனைக் கட்டிக்கொண்டு கிடந்தார். விரல்கள் போர்வையைப் பிய்த்தபடியே இருந்தன.

பூமணிக்கும் இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள், குடிக்காமல் திரும்பி வந்தாள். வெளியே அம்மருட் குடியிருப்பின் அடுக்குமாடிகளின்மேல் பனி கொட்டியது. துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மத்தியானம் குசினியில் போன் அடித்தது. ஹன்னேதான். "நிலக்கரி என்று முடிவாகிவிட்டது. ஜெயாவிடம் சொல்லுங்கள்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டாள்.

பூமணி போனை வைத்துவிட்டு அறைவாசலில் வந்து நின்றாள். நிலக்கரியை அவர் திட்டாத நாளில்லை. புகை, சாம்பல், நெஞ்சுக்கு நஞ்சு. இதைக் கேட்டால் மனிதர் நிம்மதியாகப் போவாரா?

"என்னவாம்?"

"எண்ணெய்தானாம்," என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. "நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கு."

அவர் முகம் செத்துப்போனது.

"நான் நிலக்கரியெண்டெல்லே எழுதினனான். கடல் உறைஞ்சு எண்ணெய்க் கப்பல் வராட்டில் சனம் விறைச்சுச் சாகும். கரி அங்கையே கிடக்கு. உனக்குச் சொன்னனான் பூமணி. மார்கழியிலை, சாப்பிடேக்கை."

சொல்லியிருப்பார். அவர் வேலைக்கதையை எடுத்தால் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு மனதால் வேறெங்கோ போய்விடுவது அவள் வழக்கம். பூமணிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பொய் சொல்லிப்போட்டனப்பா. நிலக்கரிதான். சத்தியமா."

"சும்மா தேத்தாதை," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஓடிப்போய்ப் போனை எடுத்துவந்தாள். இலக்கம் பிழைத்து மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஹன்னே எடுத்தாள்.

"அவரிடம் நீங்களே சொல்லுங்கள்," என்று சத்தத்தைக் கூட்டிப் போனை அவர் காதில் வைத்தாள்.

"ஜெயா, நிலக்கரிதான். நீ எழுதியபடியே. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கேட்கிறதா?"

போர்வையின்மேல் விரல்கள் அசையாமல் கிடந்தன. அவை எப்போது நின்றன என்று பூமணி பார்த்திருக்கவில்லை.

"பூமணி? அவருக்குக் கேட்டதா?"

அவள் போனை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்கள்," என்றாள்.